மழைக்கு முன் தோட்டத்தைத் திட்டமிடுதல்: வாசகர் கேள்வி – பதில்

ஆவணி முடிந்து புரட்டாதி பிறக்கும் இந்நாட்களில் வன்னியிலிருந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, காலபோகத்தோடு வீட்டுத் தோட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதையே கேட்கின்றன. ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி, இடத்துக்கு இடம் விடை மாறுபடும் கேள்விகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்ப்பெயர்களை மட்டும் தந்துள்ளேன். மண்ணையும் நீரையும் அறியாமல் சொல்லப்படும் தோட்ட ஆலோசனையால் பயன் குறைவு. அவ்விரண்டையும் ஊர்ப்பெயரே பெருமளவில் சொல்லிவிடும்.

வாசகி, தருமபுரம்: ஐயா, எங்களுக்கு அரை ஏக்கர் மேட்டுக் காணியும் ஒரு கிணறும் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் முதல் மழை விழுந்ததும் கடையில் கிடைக்கும் மரக்கறி விதைகளை வாங்கி ஊன்றிவிடுகிறோம். கார்த்திகையில் பாதி அழுகிவிடுகிறது. தப்பியது பங்குனியில் காய்ந்துவிடுகிறது. இம்முறை திட்டமிட்டுச் செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள், சகோதரி. விதைக் கடைக்குப் போவது உங்கள் திட்டத்தின் கடைசி வேலையாக இருக்கட்டும். வன்னிக்குரிய ஆண்டு மழையின் பெரும்பகுதி, ஒக்ரோபரில் இடியுடன் கூடிய இடைப்பருவ மழையாகத் தொடங்கி, நவம்பரிலும் டிசெம்பரிலும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையாகப் பெய்து முடிந்துவிடுகிறது. சித்திரையை ஒட்டிச் சிறிதளவு மழை கிடைக்கும். அதன் பின்னர் வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோளகக் காற்று, மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடும். ஆகவே உங்கள் காணியில் ஓர் ஆண்டுக்குள் இரண்டு வகையான தோட்டங்களை அமைக்க வேண்டியிருக்கிறது: மழை மாதங்களில் மிகுதியான நீரை வெளியேற்றும் தோட்டம் ஒன்று, மழை நின்ற பின் ஒவ்வொரு வாளி நீரையும் காத்து வைக்கும் தோட்டம் மற்றொன்று. நீங்கள் எழுதியிருக்கும் இரு இழப்புகளுக்கும், ஒரே பாத்தியை இரு காலங்களுக்கும் பயன்படுத்தியதே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதுகிறேன்.

முதலில் இந்த வாரத்திலேயே கிணற்றைப் பாருங்கள். மழைக்கு முந்திய இந்நாட்களில்தான் கிணற்று நீர் மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கும். நீர் எத்தனை அடி நிற்கிறது, காலையில் இறைத்த பின் மறுபடி ஊறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பவற்றைக் குறித்து வையுங்கள். வறண்ட காலத்தில் ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் நீர் வேண்டும். 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உடைய பாத்தி ஏறக்குறைய 2.8 சதுர மீற்றர். அதற்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் வாளி ஒன்று போதும். வீட்டுத் தேவையும் கால்நடைகளின் தேவையும் போக, உங்கள் கிணறு கோடையில் நாளொன்றுக்கு 300 லீற்றர் தருமானால், நீங்கள் பங்குனிக்குப் பின் வைத்திருக்கக்கூடியவை 20 பாத்திகளே. அரை ஏக்கர் முழுவதையும் பச்சையாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசையை மழைக்காலத்தோடு நிறுத்திக்கொண்டு, கோடைக்குரிய அந்த 20 பாத்திகளையும் கிணற்றுக்கு அருகில், பிற்பகல் நிழல் சற்று விழும் இடத்தில் இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்ததாக ஒரு தாளில் காணியை வரைந்து, சரிவு எந்தப் பக்கம், மர நிழல் எங்கே, மழைநீர் எவ்வழியாக ஓடுகிறது என்பவற்றைக் குறியுங்கள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்குத் தங்கள் காணியில் நீர் எந்த மூலையால் புகுந்தது, எங்கே நாட்கணக்கில் தேங்கி நின்றது என்பது நன்றாகத் தெரியும். அந்தப் பள்ளத்தில் மிளகாயோ கத்தரியோ வைக்க வேண்டாம். கங்குன், பொன்னாங்காணி போன்ற ஈரம் விரும்பும் கீரைகளை அங்கே விடலாம். மற்றப் பகுதிகளில் மழைக்காலப் பாத்திகள் நிலமட்டத்திலிருந்து குறைந்தது அரை அடி உயர்ந்திருக்க வேண்டும்; இரண்டு பாத்திகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால் சரிவின் தாழ்ந்த பக்கத்தில் திறந்திருக்க வேண்டும். தை மாதத்துக்குப் பின் அதே வாய்க்கால்களை அடைத்து, பாத்தியின் ஓரங்களை உயர்த்தி நடுவைத் தாழ்த்திக் கட்டினால், இறைக்கும் நீர் வெளியே ஓடாது.

மண்ணைக் கொத்தும் நாளையும் ஈரமே தீர்மானிக்கட்டும். மேட்டுக் காணிகளில் பரவலாக உள்ள செங்கபில மண் காய்ந்திருக்கும்போது மண்வெட்டியை ஏற்காது. நனைந்துவிட்டால் காலில் ஒட்டும். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட நாட்கள் மிகச் சிலவே. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கி உருட்டி, பெருவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: உதிர்ந்தால் கொத்தலாம், பிசைந்த மாவாக நசுங்கினால் இன்னும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். ஈர மண்ணைக் கொத்திவிட்டால் அது கட்டியாகிக் காய்ந்து, அந்தப் போகம் முழுவதும் வேருக்குத் தடையாக இருக்கும்.

இனி எதை எப்போது ஊன்றுவது என்பதற்கு வருகிறேன். நம்பத்தக்க முதல் மழையோடு, அதாவது புரட்டாதிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ, வெண்டி, பயிற்றை, கெக்கரி, பூசணி, முளைக்கீரை ஆகியவற்றை நேரடியாக ஊன்றுங்கள். கீரை நாலு வாரத்திலும், வெண்டியும் கெக்கரியும் ஏறத்தாழ 45 முதல் 50 நாட்களிலும் பலன் தரத் தொடங்கும்; கார்த்திகையின் அடைமழை வருமுன் அவை வேரூன்றிவிடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இப்போதே நாற்று மேடை அமைத்து, மழை நேரடியாக விழாதபடி பொலித்தீன் கூரை இட்டு, நான்கு வாரங்களின் பின் மேட்டுப் பாத்தியில் நடுங்கள். கத்தரிக்கு 3 அடிக்கு 2 அடியும் மிளகாய்க்கு 2 அடிக்கு ஒன்றரை அடியும் இடைவெளி வேண்டும். நெருக்கி நட்டால் மழைக்காலத்தில் காற்றோட்டமின்றி நோய் பரவும்.

கார்த்திகையில் திறந்த பாத்தியில் புதிதாக எதையும் ஊன்றாதீர்கள். அம்மாதத்துக்குரிய வேலை வாய்க்கால் வெட்டுவதும், சாய்ந்த செடிகளுக்குத் தடி ஊன்றுவதும், கூரையின் கீழ் தக்காளி நாற்றை வளர்ப்பதுமே. தக்காளியை மழையோடு நட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அதற்கு உடன்பட மாட்டேன். இரவு வெப்பம் மிகுந்திருந்தால் தக்காளிப் பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். இடைவிடாத மழையில் இலையும் காயும் அழுகும். மார்கழி நடுவில் நட்டால், மழை ஓய்ந்து, இரவு குளிர்ந்திருக்கும் தை, மாசி மாதங்களில் பூத்துக் காய்க்கும். சின்ன வெங்காயம், பீற்றூட், கரட், கோவா ஆகியவற்றுக்கும் மழை தணிந்த அக்குளிர்காலமே உகந்தது.

தை முடிவிலிருந்து கோடைப் பாத்திகளுக்கு மாறுங்கள். கிணற்றுக்கு அருகே பந்தலிட்டுப் பாகலும் புடோலும், அவற்றின் கீழ் கீரையும், மற்றப் பாத்திகளில் இரண்டாவது தடவையாக வெண்டியும் பயிற்றையும் வைக்கலாம். கத்தரியைப் பிடுங்க வேண்டாம். காய்ப்பு ஓய்ந்ததும் நிலத்திலிருந்து ஓர் அடி விட்டு வெட்டி, எருவிட்டு நீர் பாய்ச்சினால் மீண்டும் தழைத்துக் காய்க்கும். ஆழமான வேர் இருப்பதால் புதுச் செடியைவிட அதற்குக் குறைந்த கவனிப்பே போதும். எல்லாப் பாத்திகளையும் வைக்கோலாலோ காய்ந்த இலைகுழைகளாலோ மூடிவிட்டால் நீர்ச் செலவு வெகுவாகக் குறையும். சருகையும் வைக்கோலையும் கூட்டிக் குவித்து எரிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கோடைக்கு வேண்டிய போர்வையைத்தான் நாம் எரிக்கிறோம்.

எத்தனை செடி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பத்துக் கத்தரி, பதினைந்து மிளகாய், இருபது வெண்டி, இரண்டு பூசணிக் கொடி என்ற அளவில் தொடங்கலாம். வெண்டியையும் பயிற்றையையும் ஒரே நாளில் ஊன்றாமல் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பகுதி பகுதியாக ஊன்றினால், ஒரு வாரம் கூடை நிறைந்து வழிவதும் அடுத்த வாரம் சந்தைக்குப் பணம் கொண்டு போவதும் இல்லாமல் போகும்.

வாசகர், புதுக்குடியிருப்பு: சென்ற ஆண்டு மிஞ்சிய விதைகளும், அயலவர் தந்த விதைகளும் என்னிடம் உள்ளன. அவற்றை நம்பி விதைக்கலாமா?

முளைக்கும் திறனைச் சோதித்துப் பார்த்து விதையுங்கள். ஒவ்வொரு வகையிலும் 20 விதைகளை எடுத்து, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். வெண்டி, பயிற்றை, பூசணி ஆகியன ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பத்து நாள் வரை பொறுத்திருக்க வேண்டும். 16 அல்லது அதற்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 10 முதல் 15 வரை முளைத்தால் சற்று நெருக்கமாக இடலாம். அதற்குக் கீழே போனால் புது விதை வாங்குங்கள். வெங்காய விதை ஓராண்டுக்கு மேல் வீரியத்தோடு இருப்பது அரிது. தக்காளியும் கத்தரியும் உலர்ந்த இடத்தில் இருந்தால் மூன்று ஆண்டுகள் வரை தாங்கும்.

அயலவரிடம் பெற்ற விதையில் கேட்டறிய வேண்டியது ஒன்றுண்டு: அது கலப்பின விதையிலிருந்து எடுத்ததா, நாட்டு இனத்திலிருந்து எடுத்ததா? கடையில் எஃப்1 என்று எழுதிய பொதியிலிருந்து வந்த செடியின் விதை, தாயைப் போன்ற செடியைத் தருவதில்லை. தின்னவேலி வெள்ளைப் பாகல், எம்.ஐ.2 மிளகாய் போன்ற கலப்பினமல்லாத இனங்களின் விதையை நீங்களே எடுத்து வைத்துத் தொடரலாம். அவற்றிலும் நன்கு காய்த்த, நோயற்ற செடியின் நடுப்பருவக் காயை முற்றவிட்டு எடுங்கள்; கடைசியில் எஞ்சிய காய் விதைக்கு உகந்ததன்று. வெயிலில் உலர்த்தி, ஆறிய பின், சாம்பல் கலந்து, காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, இனத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள்.

வாசகர், முருங்கன்: எங்கள் மண் கறுத்த களி. மழைக்காலத்தில் காலை வைக்க முடியாது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. நெல்லைத் தவிர எதுவும் வராது என்கிறார்கள். மரக்கறி செய்ய வழியுண்டா?

உண்டு, ஆனால் தருமபுரம் வாசகிக்குச் சொன்ன நாட்குறிப்பு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மண் வளம் குறைந்ததன்று. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்து வருவதே அதற்குச் சான்று. அது நீரை இறுகப் பிடித்துவைக்கும் இயல்புடையது. ஆகையால் மழைக்காலத்தில் வேருக்குக் காற்று கிடைக்காமல் செடி மஞ்சளாகிச் சாகும். மழை ஓய்ந்த பின் அதே இயல்பு உங்களுக்குத் துணையாக மாறும்.

மழை மாதங்களுக்கு வீட்டைச் சுற்றி நான்கைந்து உயர்ந்த, அகன்ற பாத்திகள் மட்டும் போதும்: ஓர் அடி உயரத்துக்குக் களியைக் கூட்டி, வெளியிலிருந்து மணலும் எருவும் உமியும் கலந்து, கத்தரி, மிளகாய், கீரை ஆகியவற்றை வையுங்கள். பெரும் பரப்பை மழை முடியும் வரை விட்டுவைத்து, மேல் மண் நடக்கத்தக்க நிலைக்கு வந்ததும், எஞ்சிய ஈரத்தை நம்பி வெண்டி, கௌபி, பயறு, வத்தகை ஆகியவற்றை ஊன்றுங்கள். வெடிப்புத் தோன்றும் முன் மேல் மண்ணை இலேசாகக் கொத்தி விட்டு மூடாக்கு இட்டால் ஈரம் நீண்ட நாள் நிற்கும். கரட், முள்ளங்கி, வற்றாளை போன்ற கிழங்கு, வேர்ப் பயிர்களை அம்மண்ணில் முயல வேண்டாம்; களி அவற்றைக் கோணலாக்கிவிடும், பிடுங்குவதும் பெரும்பாடு.

வாசகி, நெடுங்கேணி: குரங்கும் மயிலும் பகலில், பன்றியும் யானையும் இரவில். வேலிக்குச் செலவு செய்து களைத்துவிட்டோம். எந்தப் பயிரை வைத்தால் மிஞ்சும் என்று சொல்லுங்கள், ஐயா.

உங்கள் களைப்பு எனக்கு விளங்குகிறது, அம்மா. இதற்கு முழுமையான தீர்வு இருப்பதாக எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் எதை எங்கே வைப்பது என்பதை மாற்றினால் இழப்பைக் குறைக்கலாம். மிளகாய், பாகல், வெங்காயம், இஞ்சி, மஞ்சள், தேசி ஆகியவற்றை விலங்குகள் பொதுவாக விரும்புவதில்லை; அவற்றைக் காட்டுப் பக்கத்துக்கு வெளிவரிசையாக வையுங்கள். சோளம், வாழை, பூசணி, பயிற்றை ஆகியன குரங்கையும் யானையையும் அழைப்பவை. வற்றாளை, மரவள்ளி, கச்சான் ஆகியன பன்றியை அழைப்பவை. அவற்றை வைக்க வேண்டுமானால் ஆள் நடமாட்டம் உள்ள வீட்டு முற்றத்தை ஒட்டி வையுங்கள். யானை வழமையாகக் கடக்கும் பாதையில் வாழையும் தென்னங்கன்றும் வைப்பதைத் தவிருங்கள். அறுவடை செய்த நெல்லை வீட்டுக்குள் குவித்து வைப்பதும் ஆபத்தானது.

மயில் முளையையே கொத்துவதால், ஊன்றிய பாத்தியை முதல் இரண்டு வாரத்துக்கு முள்ளுக் கொப்பாலோ பழைய வலையாலோ மூடினால் போதும். கட்டாக்காலி மாடுகளுக்கும் பன்றிக்கும், முள்ளுக்கம்பிக்கு இடையே கிளுவை, சீமைக்கிளுவைக் கதியால்களை நெருக்கமாக நடுங்கள். மழை தொடங்கும் இக்காலமே கதியால் பிடிக்கும் காலம். ஓரிரு ஆண்டில் வேலி இறுகுவதோடு, சீமைக்கிளுவையின் குழை பாத்திக்குப் பசளையாகவும் கிடைக்கும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டு மின்சாரத்திலிருந்து கம்பி இழுத்து வேலியில் பாய்ச்சுவதை எந்த நிலையிலும் செய்ய வேண்டாம். அது சட்டவிரோதமானது; விலங்கோடு மனிதரையும், பெரும்பாலும் அந்த வீட்டாரையே, பலியெடுக்கிறது. யானைத் தொல்லை தொடர்ந்தால் கிராம அலுவலர் வழியாக வனசீவராசிகள் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து, அயலவருடன் சேர்ந்து முறையான யானை வேலியைக் கோருங்கள். தனி ஒரு காணியைச் சுற்றிய வேலியைவிடக் கிராமத்தைச் சுற்றிய வேலியே பயன் தரும்.

வாசகர், மல்லாவி: எங்கள் கத்தரித் தோட்டத்தில் நன்றாக நின்ற செடி ஓரிரு நாளில் பச்சை இலையோடு வாடிச் சாகிறது. கிழமைக்கு இரு முறை மருந்து அடித்தும் பயனில்லை. இவ்வாண்டும் அதே இடத்தில்தான் நட வேண்டியிருக்கிறது. என்ன மருந்து நல்லது?

முதலில் நோயை அறிந்துகொள்ளுங்கள். வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டி, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற வெண்ணிற இழை நீரில் இறங்குமானால், அது பக்டீரியா வாடல் நோய். அவ்வாறு இறங்காமல், தண்டின் உட்புறம் கபிலமாக மட்டும் இருந்தால் பங்கசு வாடலாக இருக்கலாம். வேரைப் பிடுங்கிப் பார்க்கையில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் வட்டப்புழுத் தாக்கம்.

நீங்கள் சொல்லும் அறிகுறி பக்டீரியா வாடலையே பெரிதும் ஒத்திருக்கிறது. அது உண்மையானால், இலையில் அடிக்கும் எந்த மருந்தும் அதைக் குணப்படுத்தாது என்பதை மனவருத்தத்தோடு சொல்கிறேன். நீங்கள் மருந்துக்குச் செலவிடும் பணத்தை இன்றே நிறுத்துங்கள். அந்தக் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, பாய்ச்சும் நீரோடும் மண்வெட்டியோடும் பாத்தி விட்டுப் பாத்தி பரவுகிறது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். கத்தரிக்குப் பதில் தக்காளி வைப்பது பயிர் மாற்றம் ஆகாது. அந்தப் பாத்திகளில் குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இக்குடும்பப் பயிர் எதையும் வைக்காமல், சோளம், கௌபி, பயறு, வெங்காயம் போன்றவற்றை மாற்றி மாற்றி வையுங்கள். வாடிய செடியை வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் அகற்றி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். கூட்டெருக் குழியில் போட வேண்டாம்.

கத்தரியை விட முடியாது என்றால் இரண்டு வழிகள் உள்ளன. வேறொரு மூலையில், நீர் இந்தப் பாத்திகளைக் கடந்து போகாத உயர்ந்த இடத்தில், புது மண்ணில் உயர்த்திய பாத்தி அமைப்பது ஒன்று. சுண்டங்கத்தரியை அடிக்கன்றாகக் கொண்டு அதன் மேல் கத்தரியை ஒட்டி நடுவது மற்றொன்று. சுண்டையின் வேர் இந்நோயைத் தாங்கும். ஒட்டுவது கடினமான வேலையன்று. உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் செய்முறை விளக்கம் கேளுங்கள். சில அயலவரையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் அவர் தோட்டத்துக்கே வந்து காட்ட வாய்ப்பு அதிகம்.

எந்தப் பாத்தியில் எந்த ஆண்டு எதை வைத்தோம் என்பதை எழுதி வைக்கும் ஒரு கொப்பி இல்லாமல் பயிர் மாற்றம் செய்ய முடியாது என்பதை எல்லா வாசகர்களுக்கும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் தக்காளி நின்ற மூலையை எவரும் மனத்தில் வைத்திருப்பதில்லை.

வாசகர், அக்கராயன்: இவ்வாண்டு இரசாயனப் பசளை இல்லாமல் செய்யலாம் என எண்ணுகிறேன். முடியுமா?

வீட்டுத் தோட்ட அளவில் முடியும். ஆனால் இந்த ஆண்டு நினைத்து இந்த ஆண்டே முடிவதன்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்ட காலத்தில், முன்னரே மண்ணில் சேதனப் பொருளைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை வன்னித் தோட்டங்களில் எவரும் காணக்கூடியதாக இருந்தது. ஆகவே முதல் ஆண்டில் பாதியாகக் குறைத்து, எருவைக் கூட்டிக்கொண்டு செல்வதே என் ஆலோசனை.

நமக்கு மாட்டெருவுக்குப் பஞ்சமில்லை. அதை வைத்திருக்கும் முறைதான் பிழைக்கிறது. பட்டியிலிருந்து ஏற்றிவந்த எருவைத் திறந்த வெளியில் குவித்தால், முதல் இரண்டு பெருமழையிலேயே அதன் சத்து கரைந்து ஓடிவிடும். மர நிழலில் குவித்து, பனையோலையாலோ பொலித்தீனாலோ மூடி, ஈரம் பார்த்துக் கிளறி, சாண மணம் போய் மண் மணம் வந்த பின் இடுங்கள். 10 அடிக்கு 3 அடிப் பாத்திக்கு மூன்று கிலோ குறைந்த அளவு. ஐந்து கிலோ இருந்தால் இன்னும் நல்லது. பச்சை எருவை நேரே இட்டால் வேர் கருகும், களை விதையும் கூடவே வரும். பூவரசு, சீமைக்கிளுவை, வேம்பு ஆகியவற்றின் குழையை நடுகைக்கு மூன்று நான்கு வாரம் முன் மண்ணில் தாழ்த்தும் நம் பழைய வழக்கத்தை மீண்டும் கைக்கொள்ளுங்கள். கோடையில் காலியாகக் கிடக்கும் பகுதிக்குச் சித்திரை மழையோடு சணல் விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம்.

யூரியா இடுவதானால் பெருமழைக்கு முன் இடாதீர்கள். சிறு சிறு அளவாகப் பிரித்து, மழை விட்ட நாட்களில் இடுங்கள்.

வாசகி, மாங்குளம் அருகே: நீண்ட காலத்தின் பின் எங்கள் காணிக்குத் திரும்பியிருக்கிறோம். முழுதும் பற்றையாக இருக்கிறது. எவ்வளவு பகுதியை இந்தப் போகத்தில் தோட்டமாக்கலாம்?

கால் ஏக்கருக்கு மேல் வேண்டாம். அதற்கும் முன்னர், அக்காணி கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிக்குள் அடங்குகிறதா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். துப்புரவு செய்யப்பட்ட காணியிலும் கிணற்றின் உள்ளேயும் பற்றையின் அடியிலும் துருப்பிடித்த பொருள் எதையேனும் கண்டால் தொடாமல், அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலக்கி, 119 இலக்கத்துக்கு அறிவியுங்கள். பற்றைக்குத் தீ வைத்துத் துப்புரவாக்க முயல வேண்டாம்.

வெட்டும்போது வேம்பு, பாலை, முதிரை போன்ற மரங்களை விட்டுவையுங்கள். பல ஆண்டுகள் உக்கிய இலைமண் உங்கள் காணியில் மேலே கிடக்கிறது. இயந்திரத்தால் ஆழமாகப் புரட்டினால் அது அடியில் புதைந்துவிடும். கையால் வெட்டி, மேலாகக் கொத்தி, முதற் போகத்தில் பூசணி, கௌபி, மரவள்ளி போன்ற, அதிகம் பராமரிப்பு வேண்டாத பயிர்களை வையுங்கள். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, நீரை ஒரு முறை பரிசோதிப்பித்த பின் நாற்று வகைகளுக்குப் போகலாம்.

வாசகி, வவுனியா நகரம்: வாடகை வீடு, சிமெந்து முற்றம் மட்டுமே உள்ளது. என்ன செய்யலாம்?

வெறுமையான உரப் பைகளைக் கழுவி, பாதியளவு மடித்து, அடியில் நாலைந்து துளையிட்டு, மேல்மண், கூட்டெரு, கரித்த உமி மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். பைக்கு ஒரு மிளகாய் அல்லது ஒரு தக்காளி அல்லது ஒரு கத்தரி போதும். கீரைக்கும் வல்லாரைக்கும் அகன்ற, ஆழம் குறைந்த பெட்டி நல்லது. சிமெந்துத் தரை கோடையில் வேரைச் சுடும். ஆகவே பைகளைச் செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். அரிசி, மரக்கறி கழுவிய நீரைத் தாராளமாக ஊற்றலாம், சவர்க்கார நீரை அல்ல. மழை மாதங்களில் பையின் கீழ்த் தட்டிலோ வெற்று வாளியிலோ நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். தட்டு வைக்காமலே விடுவது நல்லது. ஆறு மிளகாய், மூன்று கத்தரி, இரண்டு பெட்டிக் கீரை ஆகியவற்றை இந்த வாரமே தொடங்கினால், மிளகாய் நாற்று ஐப்பசி நடுவில் பைக்கு மாறிவிடும். கீரையை அதற்கு முன்னரே ஒரு முறை கிள்ளிச் சமைத்திருப்பீர்கள்.